எம்.எல்.ஏ. ஒரு சாலையைக் கொண்டுவருவது எப்படி? மதுரைப் புறநகரை வைத்து ஒரு விளக்கம்

2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளில் இருந்து 100 வார்டுகளாக விரிந்தது. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் உள்ளே வந்தன. ஊர் அந்த எல்லையோடு நிற்கவில்லை. ஒத்தக்கடை, கடச்சனேந்தல், ஊமச்சிகுளம், நாகமலை புதுக்கோட்டை, விளாச்சேரி, பெருங்குடி, வலையங்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் வயலாக இருந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறது. வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குப் போகிற பாதை மட்டும் மாட்டு வண்டி போன காலத்து அகலத்திலேயே கிடக்கிறது.

இந்தத் தொகுதிகளின் எம்.எல்.ஏ.க்கள் சட்டமன்றத்தில் பேசுகிறார்கள், அமைச்சரைப் பார்க்கிறார்கள், மனு கொடுக்கிறார்கள். அவர்களில் உண்மையாகவே உழைப்பவர்களின் கோரிக்கைகூடப் பல ஆண்டு கோப்பிலேயே தங்கிவிடுவதுண்டு. பணம் இல்லை என்பது எல்லா இடத்திலும் சொல்லப்படும் காரணம். பெரும்பாலான கோப்புகளைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும்: சாலை யாருடையது என்று தெளிவாகாமல் மனு போயிருக்கும், அல்லது நிலம் கையில் இல்லாமல் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கும். வேகமாக வளரும் பகுதியில் இந்த இரண்டாவது கோளாறுதான் ஆளைக் கொல்கிறது. அதனால் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், யார் சாலை

ஒரே தார்ச் சாலையில் நான்கு கிலோமீட்டர் போவதற்குள் மூன்று துறைகளின் எல்லையைக் கடந்துவிடலாம். தேசிய நெடுஞ்சாலையில் சில பகுதி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இருக்கும். சில பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவிடம் இருக்கும். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளரின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவை. மாநகராட்சி எல்லைக்குள் உள்ள தெருக்கள் மாநகராட்சிக்கு. கண்மாய்க் கரையில் ஓடும் சாலைக்கு அடியில் உள்ள கரை நீர்வளத் துறையுடையது. இதற்கெல்லாம் வெளியே, பிளாட் போட்டவர் சாலை இடத்தைத் தான பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்காமல் விட்ட தெருக்கள் இருக்கின்றன. அவை யாருடைய பதிவேட்டிலும் இல்லை. எந்த அதிகாரி நினைத்தாலும் அதில் அரசுப் பணத்தைப் போட முடியாது.

அதனால் மனு எழுதும் முன்பு செய்ய வேண்டியது, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்ப்பது. அந்தப் பாதை எந்தப் புல எண், வண்டிப்பாதைப் புறம்போக்கா பட்டா நிலமா, பதிவேட்டின்படி அகலம் எவ்வளவு என்று அதில் இருக்கும். பதிவேட்டில் 12 மீட்டர் இருக்கும் பாதை தரையில் 5 மீட்டராகச் சுருங்கியிருப்பது புறநகரில் சர்வ சாதாரணம். அப்படியானால் அங்கே நிலம் வாங்க வேண்டியதே இல்லை. அளந்து கல் நட்டு ஆக்கிரமிப்பை எடுத்தால் போதும். நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். வட்ட நில அளவர் வந்து அளந்த வரைபடம் இல்லாமல் நோட்டீஸ் கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. எம்.எல்.ஏ. அலுவலகம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, அந்த அளவரை வரவைப்பதுதான். இதற்கு ஒரு கல்வெட்டும் வைக்க முடியாது என்பதால் யாரும் மெனக்கெடுவதில்லை.

ஒன்றியச் சாலையில் வண்டி பெருத்துவிட்டால் அதை நெடுஞ்சாலைத் துறைக்கு மாற்றி மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தலாம். அதற்கு ஒன்றியத்தின் தீர்மானம், ஒப்படைப்புக் கடிதம், போக்குவரத்துக் கணக்கு எல்லாம் வேண்டும். 2025 ஜனவரியில் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் தீர்மானத்தை நகர்த்துவது எம்.எல்.ஏ.வின் தலையில்தான் விழும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருப்பரங்குன்றம், திருமங்கலம் சட்டமன்றத் தொகுதிகள் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியில். விமான நிலையம், தோப்பூர் எய்ம்ஸ், கப்பலூர் சுங்கச்சாவடி பற்றியெல்லாம் டெல்லியில் பேச வேண்டியவர் விருதுநகர் எம்.பி. மதுரை எம்.பி.க்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

கையில் உள்ள பணம்

தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி.க்கு 5 கோடி. 2023 ஜனவரியில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி என்றார்கள். அதாவது கிலோமீட்டருக்குச் சராசரியாக 40 லட்சம். அந்தக் கணக்கில் ஒரு எம்.எல்.ஏ. பள்ளிக்கூடம், குடிநீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மொத்த நிதியையும் சாலையில் போட்டாலும் ஒற்றைத் தடக் கிராமச் சாலை ஏழரைக் கிலோமீட்டர்தான் வரும். 2023 ஏப்ரலில் திறந்த மதுரை நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டருக்கு 600 கோடிக்கு மேல் ஆனது. 3 கோடியில் அதில் 36 மீட்டர்கூடக் கட்ட முடியாது.

ஆகவே தொகுதி நிதியைச் சாலையில் நேரடியாகக் கொட்டுவதைவிட, பெரிய திட்டத்துக்குக் குறையும் சிறு துண்டுகளுக்குப் பயன்படுத்துவதே சரி: ஒரு சிறுபாலம், பஸ் நிறுத்த நிழற்குடை, இரண்டு லேஅவுட்டுகளை இணைக்கும் 200 மீட்டர் தெரு. மீதிக்கெல்லாம் வேறு கதவுகள் இருக்கின்றன. நெடுஞ்சாலைத் துறையின் ஒருங்கிணைந்த சாலைகள் உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம், நபார்டு கடன், மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி, கிராமத்துக்குப் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி உண்டு. 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார்கள். அப்படிப்பட்ட பட்டியலில் பத்தையும் மேம்பாலமாக எழுதுவது வாய்ப்பைத் தூக்கியெறிவது. நிலம் தயாராக உள்ள நான்கு வேலை, நிலம் எடுக்க மட்டும் பணம் கேட்கும் இரண்டு வேலை, ஆய்வறிக்கை கேட்கும் ஒன்று என்று கலந்து கொடுத்தால் ஐந்தாண்டுக்குள் பாதியாவது தரையில் தெரியும்.

அகலப்படுத்து என்று கேட்க எண் வேண்டும்

"நெரிசல் அதிகமாக உள்ளது" என்ற வரியை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. ஏழு நாள், இருபத்துநான்கு மணி நேரமும் எண்ணிய கணக்கு வேண்டும். எண்ணிய வண்டிகளைக் கார் அலகாக மாற்றுவார்கள். கார், ஆட்டோ 1. இருசக்கர வாகனம் 0.5, பஸ், லாரி 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் 4.5. சமவெளியில் இருவழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 கார் அலகு தாங்கும் என்பது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறை. 5.5 மீட்டர் இடைவழிச் சாலைக்கு 6,000, 3.75 மீட்டர் ஒற்றைத் தடத்துக்கு 2,000. நான்கு வழிக்கு 35,000.

இந்தக் கணக்கில் மதுரைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு, பகலில் மட்டும் எண்ணுவது. பரவை காய்கறி மார்க்கெட்டுக்கும் மாட்டுத்தாவணிக்கும் சரக்கு வண்டி ராத்திரியில்தான் வருகிறது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எண்ணினால் அந்தப் பகுதிச் சாலைகளில் லாரிக் கணக்கு பெருமளவு காணாமல் போய்விடும். அது அகலத்தை மட்டும் பாதிப்பதில்லை. தார் எத்தனை மில்லிமீட்டர் போட வேண்டும் என்பதையே லாரியின் அச்சுச் சுமைதான் தீர்மானிக்கிறது. அங்கே குறைத்து எண்ணிய சாலை இரண்டு மழைக்குள் பள்ளமாகிவிடும். பழி ஒப்பந்ததாரர் மேல் போகும்.

நிலம்

ஒரு விரிவாக்கத்துக்குப் பட்டா நிலம் தேவை என்றால் வழி இது. நெடுஞ்சாலைத் துறை பாதையை முடிவு செய்து, புல எண் வாரியாக எவ்வளவு சதுர மீட்டர் என்று நிலத் திட்ட அட்டவணை போடும். நில எடுப்புக்கு மட்டும் தனியாக நிர்வாக அனுமதி வர வேண்டும். பிறகு வருவாய்த் துறையின் நில எடுப்பு அலுவலர்கள் கூட்டாகப் பார்வையிட்டு உரிமையாளர்களைக் கண்டறிவார்கள். 2001-ஆம் ஆண்டு மாநில நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 15(2) பிரிவில் நோட்டீஸ், ஆட்சேப விசாரணை, 15(1)-இல் அரசிதழ் அறிவிக்கை. அறிவிக்கை வந்ததும் நிலம் அரசுக்கு வரும், இழப்பீடு தொடரும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், அதில் 3ஏ, 3டி, 3ஜி என்று வேறு படிகள். மாநிலச் சட்டத்தை 2019-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, அரசு புதிதாகச் சட்டம் இயற்றி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்ற வரலாறும் உண்டு. பழைய கோப்புகள் சில இடைக்காலத்தில் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டப் படிகளைவிட முக்கியம், இடையில் ஓடும் காலம். பாதையைக் குறித்த அன்று ஒரு புல எண்ணில் மூன்று பேர் உரிமையாளராக இருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே நிலம் லேஅவுட்டாகி முப்பது உட்பிரிவு ஆகியிருக்கும். முப்பது பேருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். பாதிப்பேர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். பட்டா பழைய பெயரிலேயே இருக்கும், பத்திரம் வேறு பெயரில் இருக்கும், ஒரு மனையில் வங்கிக் கடன் இருக்கும், இன்னொன்றில் பாகப்பிரிவினை வழக்கு இருக்கும். வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி அதற்குள் பல மடங்காகியிருக்கும், யாரும் மனதாரக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்காதவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆயுள் சேமிப்பில் மூன்று சென்ட் வாங்கியவரிடம் ஒரு சென்ட்டை எடுத்துக்கொண்டால் மிச்சத்தில் வீடு கட்ட முடியாது.

இதைத் தடுக்க எம்.எல்.ஏ. செய்யக்கூடியது மூன்று விஷயம். பாதை குறித்தவுடன் அந்தப் புல எண்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க மாவட்ட ஆட்சியரை வலியுறுத்துவது. லேஅவுட் அனுமதி கொடுக்கும்போதே சாலைக்கான அகலத்தை விட்டுக் கொடுக்கும்படி நிபந்தனை போட்டுவிட்டால் அரசு அந்த நிலத்துக்குக் காசு கொடுக்கவே வேண்டியதில்லை. அடுத்தது, கட்டுமானத்துக்குப் பணம் வரும் வரை காத்திராமல் நில எடுப்புக்கு மட்டும் முதல் ஆண்டிலேயே நிதி கேட்பது. மூன்றாவது, தனியார் பேச்சுவார்த்தை முறையில் விலை பேசும்போது உரிமையாளர்களையும் அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது. இதில் எம்.எல்.ஏ.வை விட்டால் ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் தாசில்தாரை நம்புவதைவிட, ஓட்டுப் போட்டு அனுப்பியவரை நம்புவார்கள். நாளைக்கு வீட்டு வாசலில் போய்க் கேட்கவும் முடியும்.

மதுரை விமான நிலைய விரிவாக்கம் இதற்குப் பெரிய சாட்சி. ஓடுபாதையை நீட்டினால் ரிங் ரோடு குறுக்கே வருகிறது, சாலையை அடியில் இறக்க வேண்டும். நிலம் எடுப்பதோ பதினைந்து ஆண்டுக்கு மேலாக நீண்டுகொண்டே போனது. சின்ன உடைப்பு கிராம மக்கள் மாற்று இடமும் நியாயமான இழப்பீடும் கேட்டுப் போராடினார்கள். வீட்டை இழப்பவருக்கு எங்கே குடியேறுவது என்ற பதில் முதல் நாளே இருந்திருந்தால், இவ்வளவு ஆண்டும் இவ்வளவு வேதனையும் வந்திருக்காது.

கோயில் நிலம் தனிச் சிக்கல். மதுரையைச் சுற்றி மீனாட்சியம்மன் கோயில், கள்ளழகர் கோயில், திருப்பரங்குன்றம் கோயில் நிலங்கள் பரவிக் கிடக்கின்றன. அறநிலையத் துறையின் நடைமுறை முடியாமல் ஒரு சதுர மீட்டரும் நகராது. தொல்லியல் சின்னங்களையும் மறக்கக் கூடாது. யானைமலை, சமணர் மலை போன்ற இடங்களில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பாதை குறிக்கும்போதே இந்த வட்டங்களை வரைபடத்தில் போட்டுப் பார்க்காவிட்டால், டெண்டர் விட்ட பிறகு வேலை நிற்கும். அந்தக் கல்வெட்டுகளும் சிற்பங்களும் நம் ஊரின் சொத்து. சாலை வளைந்து போவதில் தவறே இல்லை.

ரயில்வே கேட்

மதுரை திருமங்கலம் இடையே இரட்டைப் பாதை வந்த பிறகு ரயில்கள் காத்திருப்பது குறைந்தது. கேட்டில் நிற்பவருக்கு அந்த நிம்மதி இல்லை; ரயில் எண்ணிக்கை கூடக் கூட கேட் மூடியிருக்கும் நேரமும் கூடும். மேம்பாலம் கேட்கும்போது ரயில்வே பார்க்கும் எண், ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களை வாகன அலகுகளால் பெருக்கி வருவது. அது ஒரு லட்சத்தைத் தொட்டால் செலவைப் பங்கிட்டு மேம்பாலம் கட்டத் தகுதி. உதாரணத்துக்கு, 50 ரயிலும் 2,500 வாகன அலகும் உள்ள கேட் 1,25,000 காட்டும். போடி பாதையில் ரயில் குறைவு; அங்கே 6 ரயிலும் 8,000 வாகனமும் இருந்தாலும் 48,000-தான். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாக் கேட்டுக்கும் மேம்பாலம் கேட்பதால் தகுதியுள்ள கேட்டும் பட்டியலில் கீழே போய்விடுகிறது.

மேம்பாலத்தில் தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும். இரு பக்க அணுகு சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். தண்டவாளத்தில் இருந்து பாலத்தின் மேல்தளம் எட்டு எட்டரை மீட்டர் உயரம் போக வேண்டும். 30-க்கு 1 என்ற சரிவில் ஏறினால் ஒவ்வொரு பக்கமும் 250 மீட்டர் நீளம் ஆகும். அந்த 250 மீட்டரில் இரு புறமும் கடைகள். பாலத்தை ஒட்டி இரு பக்கமும் சர்வீஸ் ரோடு விட வேண்டும் என்பதால் அகலமும் கூடும். ரயில்வே பகுதி முடிந்து அந்தரத்தில் நிற்க, அணுகு சாலைக்கு நிலம் இல்லாமல் பல ஆண்டு கிடந்த பாலங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. பாலம் எங்கே எப்படி அமையும் என்று காட்டும் பொது அமைப்பு வரைபடத்தில் ரயில்வேயும் நெடுஞ்சாலையும் கையெழுத்துப் போடும் அன்றே நில எடுப்பு அலகுக்கு ஆள் போடச் சொல்லி எம்.எல்.ஏ. நிற்க வேண்டும்.

மேம்பாலத்துக்கு எண் வரவில்லை என்றால் சுரங்கப்பாதை தருகிறேன் என்பார்கள். வாங்கும் முன்பு ஒரே கேள்வி: மழைத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து ஓடையின் அடிமட்டம் சுரங்கப்பாதைத் தரையைவிடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் தானாக வடியும். கண்மாய்ப் பாசனப் பகுதியில் அப்படி அமைவது அபூர்வம். அப்போது சேகரிப்புத் தொட்டி, மோட்டார், தடையில்லா மின்சாரம், அணுகு சாலைக்கு மேல் கூரை, நுழைவில் தண்ணீர் உள்ளே இறங்காதபடி ஒரு மேடு, இவை எல்லாம் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். மோட்டாரை ஓட்டுவது ரயில்வேயா ஊராட்சியா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். ஐப்பசி மழையில் பள்ளிக்கூட வேன் மாட்டிக்கொண்ட பிறகு அதைப் பேசுவதில் பயனில்லை.

மண்ணும் தண்ணீரும்

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்; சாலை ஓரத்தில் நீளவாக்கில் விரிசல் விடுவது இதனால்தான். மேலே தார் எவ்வளவு கனமாகப் போட்டாலும் நிற்காது. கரிசலைத் தோண்டியெடுத்து நல்ல கிராவல் நிரப்ப வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணைக் கட்ட வேண்டும். ஓரத்தில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வேண்டும். மதிப்பீட்டில் மண் சோதனை அறிக்கை இருக்கிறதா, அது எத்தனை இடத்தில் எடுத்தது என்று கேட்டாலே பாதிக் கோளாறு பிடிபடும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்குப் போட்ட அதே அடுக்குக் கனத்தை இங்கேயும் எழுதியிருந்தால் அந்தச் சாலை நீடிக்காது.

கண்மாய்கள் சங்கிலியாக அமைந்த நாடு இது. ஒரு கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்து. சாலையை உயர்த்திப் போட்டு, பழைய பாலத்தின் கண்ணை, அதாவது தண்ணீர் போகும் திறப்பை, சுருக்கி ஒரு சிமெண்ட் குழாய் வைத்துவிட்டால் மேலே உள்ள குடியிருப்பு மூழ்கும், கீழே உள்ள கண்மாய் காயும். அகலப்படுத்தும்போது பழைய சிறுபாலத்தை இரு பக்கமும் நீட்டுவது வழக்கம். நீட்டிய பகுதியின் தரைமட்டமும் கண் அளவும் பழையதோடு பொருந்தாவிட்டால் குப்பை அங்கேயே அடைக்கும். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைச் சடங்காக வாங்காமல், மறுகால் வெள்ள அளவு என்ன என்று எழுத்தில் கேட்டு அதற்குப் பாலத்தின் கண்ணை வடிவமைக்கச் சொல்ல வேண்டும். நகருக்குள் பழைய தாரைச் சுரண்டியெடுக்காமல் மேலுக்கு மேல் போடுவதால் வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்துபோகின்றன. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-இலேயே அரசு உத்தரவிட்டிருக்கிறது. வேலை நடக்கும் தெருவில் அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

தோண்டும் வரிசை

முல்லைப்பெரியாறு குடிநீர்த் திட்டமும் பாதாளச் சாக்கடையும் மதுரைப் புறநகர்த் தெருக்களைக் கிழித்துப் போட்டது எல்லோரும் அறிந்தது. குழாய் பதித்த பள்ளத்தை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்காமல் மண்ணைத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அந்தக் கோடு மட்டும் உள்வாங்கும். பள்ளத்தை இறுக்கி மூடிய பிறகுதான் தார் போட வேண்டும். தார் போட்ட மறுமாதம் குழாய்க்காரர் வருவது இன்னும் மோசம். மின்கம்பம் நகர்த்த மின்வாரியத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும், அந்த மதிப்பீடு சாலை மதிப்பீட்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும். சேராததால்தான் அகலமான புதுச் சாலையின் நடுவே கம்பம் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலை, மின்வாரியம், குடிநீர் வாரியம், மாநகராட்சி, தொலைபேசி எல்லோரையும் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டி, தெரு வாரியாக யார் முதலில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் எம்.எல்.ஏ.வைப் போல ஊருக்கு உபகாரம் செய்பவர் வேறில்லை.

பஸ்

மெட்ரோவைப் பற்றிச் சுருக்கமாக. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் மதுரைப் பெருநகரின் 14.7 லட்சம், இந்த இரண்டையும் வைத்து. பதினைந்து ஆண்டுப் பழைய தலைக்கணக்கால் வளரும் ஊரை அளப்பது நியாயமில்லை. அதைத் தொடர்ந்து வாதாடத்தான் வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை, கூடல் நகர், சமயநல்லூர், சோழவந்தான் என்று நிலையங்கள் இரட்டைப் பாதையில் வரிசையாக இருக்கின்றன. காலையும் மாலையும் வேலைக்குப் போகிற நேரத்துக்குக் குறுந்தூர ரயில் கேட்பது மெட்ரோவைவிட மலிவான கோரிக்கை. எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

டவுன் பஸ் கேட்கும் மனுவில் கிளம்பும் இடம், சேரும் இடம், நேரம், திருப்பும் இடம் நான்கும் இருக்க வேண்டும். பஸ் திரும்ப இடமில்லாத ஊருக்குப் போக்குவரத்துக் கழகம் வண்டி விடாது. இருக்கும் வண்டியையே இரண்டு கிலோமீட்டர் நீட்டச் சொல்வது புது வண்டி கேட்பதைவிட எளிது. பெருஞ்சாலையில் இருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் புதிய மினி பஸ் திட்டம் பொருந்தும். அதில் தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஒரு நடை நின்றுபோனால் அந்த ஊரில் முதலில் அடிபடுவது வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்கள்தான். புது நடை கேட்பதைப் போலவே நின்ற நடைகளின் பட்டியலை மாதந்தோறும் கிளை மேலாளரிடம் கேட்பதும் எம்.எல்.ஏ.வின் வேலை.

சட்டமன்றத்தில்

துறை வாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவது பதிவாகும், அவ்வளவுதான். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி வலுவானது. ஏனென்றால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்காகத் துறை கோப்பைத் தூசி தட்டும். கேள்வியில் சாலையின் பெயர், கிலோமீட்டர் எண், எந்த ஆண்டு அறிவிப்பு, நில எடுப்பு எந்தப் படியில் என்று கேட்டால் மழுப்ப முடியாது. "ஆவன செய்ய அரசு முன்வருமா" என்று கேட்டால் "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றுதான் வரும். அமைச்சர் காலவரையறை சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. நிறைவேறாவிட்டால் உறுதிமொழிக் குழுவுக்குக் கொண்டுபோகலாம். கட்சி எதுவானாலும் இந்தக் கருவி எல்லா உறுப்பினருக்கும் ஒன்றுதான்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். கோட்ட அலுவலகம் தன் பட்டியலை அதற்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிடும், ஆகவே மனு ஆடி, ஆவணியிலேயே மதிப்பீட்டோடு போயிருக்க வேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பிறகு டெண்டர். 2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். இதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தார் வேலை முடிய எப்போது உத்தரவு கையில் வர வேண்டும் என்று தெரியும். அழகர்கோவில் சாலை, தல்லாகுளம் பக்கம் என்றால் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னும் பின்னுமாகப் பல நாள் வேலை நடக்காது. ஒப்பந்தக் காலத்தில் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் புதிய டெண்டர் கிடையாது, பணி ஆணை வாங்கித் தரையில் தொடங்கிய வேலை மட்டும் ஓடும்.

வேலை முடிந்தபின் ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கோளாறு வந்தால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) எத்தனை ஆண்டு என்பதைப் பணி ஆணையில் பார்த்துச் சாலையோரப் பலகையில் எழுதச் சொல்ல வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைகளில் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அடங்கும். நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் பள்ளம் விழுந்தால் 'நம்ம சாலை' செயலியில் படம் பிடித்துப் போடலாம்; மாநில நெடுஞ்சாலைக்கு 24 மணி நேரம், மாவட்டச் சாலைகளுக்கு 72 மணி நேரம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றியச் சாலையும் அதில் வராது. அவற்றுக்கு அந்தந்த அலுவலகத்துக்கே எழுத வேண்டும்.